அலமாரிக்குள் முப்பத்தாறு கண்ணாடிகள்

“விதி ஒன்று. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் ஆய்வகத்துக்குள் நிற்கக் கூடாது” என்று அமலோற்பவம் வாசித்தாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை, அது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். எதிரே முப்பத்திரண்டு பிள்ளைகள், பி.எஸ்ஸி. முதலாமாண்டு, வாழ்க்கையில் முதல் கல்லூரி லேப், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, ஒருத்தர் முகத்திலும் கண்ணாடி இல்லை. விதி இரண்டு, தலைமுடியைப் பின்னிக் கட்ட வேண்டும். விதி மூன்று, எதையும் வாயில் வைக்கக் கூடாது. விதி நான்கு, எதையும் மூக்கருகே கொண்டுபோய் முகரக் கூடாது, கையால் விசிறித்தான் வாசனை பார்க்க வேண்டும். நான்காவதில் அவள் நாக்கு ஒரு நொடி நின்றது, நின்றதை யாரும் கவனிக்கவில்லை, ஐந்துக்குப் போய்விட்டாள். பதினான்கு விதிகள். பதினான்கையும் தட்டச்சு செய்து கையேட்டின் முதல் பக்கத்தில் சேர்த்தவர் துறைத்தலைவர் சங்கரபாண்டியன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில். ஜன்னலோரம் இருந்த இரும்பு அலமாரிக்குள் முப்பத்தாறு பாதுகாப்புக் கண்ணாடிகள், வாங்கி நாலு வருஷமாகியும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கின்றன. ஆய்வுக் குழு வருகிற அன்றைக்கு மட்டும் அலமாரி திறக்கும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள், போட்டோ எடுப்பார்கள், குழு கீழே இறங்கியதும் துடைத்து அதே உறையில் போட்டு, ஒன்று குறையாமல் எண்ணி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார் சங்கரபாண்டியன். கொலு பொம்மைக்குக்கூட வருஷத்தில் ஒன்பது நாள் வெளிச்சம் உண்டு. “மிஸ், அந்தக் கண்ணாடி எங்க மிஸ் இருக்கு?” என்று மூன்றாவது மேசையிலிருந்து ஒரு குரல். ஒல்லியாக ஒரு பெண், மாரீஸ்வரி என்று கோட்டுப் பையில் பேனாவால் எழுதியிருந்தாள். கேட்டுவிட்டுக் கேட்டது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அமலோற்பவம் அலமாரியைப் பார்க்கவில்லை. “வரும்மா. இன்னைக்கு ஒரு நாள் பாத்துச் செய்ங்க” என்றாள், சொல்லிவிட்டு அடுத்த விதிக்குப் போனாள்.

பாத்துச் செய்ங்க. இந்த வார்த்தையை எப்படி வாயில் எடுத்தாள்? அம்மாவின் வார்த்தை அல்லவா அது. பாத்துச் செய்யக்கூடாதாடி, பாத்துச் செய்யக்கூடாதாடி என்று அம்மா ஆறு மாதம் அழுதாள், பிறகு அழுகை போய் வார்த்தை மட்டும் மிஞ்சியது. குழம்பில் உப்பு கூடினால் பாத்துச் செய்யக்கூடாதாடி. படியில் இடறினால் பாத்து வரக்கூடாதாடி. கவனமில்லாதவள் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அது போகிற பெயரா? கதவை ஒட்டிய தூணோரம் போய் நின்றாள். இரண்டு மணி பதினைந்து. பர்னர்கள் ஒவ்வொன்றாகப் பற்றின, எரிவாயு வாடை, தீக்குச்சி வாடை, யாரோ தலையில் வைத்த பிச்சிப்பூ வாடை. வழக்கமாக அவள் நிற்கிற இடம் இதுவல்ல. கரும்பலகையின் வலது கோடியில் சுவரை ஒட்டி நிற்பாள், அங்கே நின்றால் மொத்த வகுப்பும் இடது பக்கம் வரும். இடது கண்தான் அவளுக்குக் கண். வலது கண் இருக்கிறது, பெயருக்கு. பூ விழுந்த கண். அதன் வழியாகப் பார்த்தால் உலகம் நீராவி படிந்த ஜன்னல் மாதிரி, ஆள் நடமாட்டம் தெரியும், ஆள் தெரியாது. இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம், ஒரு நாளும் வகுப்பை அவள் வலது பக்கம் விட்டதில்லை. இன்றைக்கு விட்டாள். ஏனென்றால் வராந்தா தெரிய வேண்டும், மாடிப்படி தெரிய வேண்டும். மூன்று மணிக்கு அந்தப் படி வழியாக ஒருவர் ஏறி வரப் போகிறார்.

கல்வி அலுவலகத்து ஆய்வு அதிகாரி. அவர் வருவது இந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மொட்டைக் கடுதாசி எழுதியவளே அவள்தானே. எட்டு வரி, இடது கையால் எழுதினாள், அஞ்சல் முத்திரை இந்த ஊராக இருக்கக் கூடாது என்று சாத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பெட்டியில் போட்டாள். அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிற தோழி நேற்று போனில் சொன்னாள், வெள்ளிக்கிழமை மூணு மணி, முன்னறிவிப்பு இல்லாம வர்றாரு. வரட்டும். வந்து முப்பத்திரண்டு பிள்ளைகளும் வெறுங்கண்ணோடு அமிலமும் காரமும் காய்ச்சுவதைப் பார்க்கட்டும், கண்ணாடி எங்கே என்று கேட்கட்டும், பூட்டிக் கிடக்கிற அலமாரியைக் காட்டலாம். மே மாதம் சங்கரபாண்டியனுக்கு ஓய்வு. பொன்னாடை, வெள்ளிக் குத்துவிளக்கு, ‘முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு விபத்தும் இன்றி’ என்று வாழ்த்து மடல் அச்சடிக்க மாதிரி எழுதிக்கூட வைத்துவிட்டார்கள், அவளே படித்தாள், எழுத்துப்பிழை திருத்தித் தரச் சொல்லி அவளிடமே கொடுத்தார்கள். ஒரு விபத்தும் இன்றி. அந்த வரியின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் நின்றாயிற்று, தெய்வத்துக்குக் கால் வலித்திருக்கும், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் கோபம், எரிச்சல், பொறாமை எல்லாம் சொல்வாள், இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் மன்னிக்கச் சொல்வார். மன்னித்துவிட்டால் பிறகு அவளிடம் என்ன இருக்கும்?

அன்றைக்கும் இதே சோதனைதான். அம்மோனியம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. உப்பில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றிச் சூடாக்கினால் மூக்கைக் குத்துகிற நெடி வர வேண்டும், வந்தால் அம்மோனியம். அவளுக்குப் பதினெட்டு வயது, கையில் டெஸ்ட் டியூப் ஹோல்டர், நெடி வருகிறதா என்று தெரியவில்லை. சங்கரபாண்டியன் அப்போது லேப்பில் சொல்லித்தரும் ஆசிரியர், சுருட்டை முடி, பிள்ளைகள் மத்தியில் நல்ல பெயர். “என்ன பொண்ணு நீ, அங்கன தள்ளி வச்சுக்கிட்டு வாசம் வரலைங்கிற? கிட்டக்க போயி மோந்து பாரு, அப்பத்தான் தெரியும்.” கிட்டக்க போயி மோந்து பாரு. அந்த நான்கு சொற்களின் ஏற்ற இறக்கம்கூட அவளுக்கு மறக்கவில்லை. குனிந்தாள். டப் என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, கடுகு வெடிக்கிற சத்தம்தான். பிறகு எல்லாரும் சொல்கிற மாதிரி எரிச்சல் உடனே வரவில்லை, முதலில் வழுவழுவென்று இருந்தது, சோப்புத் தண்ணீர் கண்ணில் போன மாதிரி, அப்புறம்தான் எரிந்தது. “தண்ணி ஊத்திருவமா சார்?” என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள். குழாய் எட்டித் தொடுகிற தூரத்தில் இருந்தது. “சும்மா இரு. காரத்துக்குப் போரிக் ஆசிட்தான் ஊத்தணும்” என்று அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு முதலுதவிப் பெட்டிக்கு ஓடினார். பெட்டி பூட்டியிருந்தது. சாவி யாரிடம், சாவி யாரிடம் என்று வராந்தாவில் அவர் கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழாய் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது, அதுவும் கேட்டது. எத்தனை நிமிடம்? பத்து இருக்கும். மதுரை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, உடனே தண்ணியில கழுவினாங்களா என்பதுதான். மூன்றாம் நாள் கட்டுப் போட்ட கண்ணோடு அவளை வரவழைத்து, விபத்துப் பதிவேட்டை முன்னால் வைத்து, இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா என்றார் சங்கரபாண்டியன். ஒற்றைக் கண்ணால் வாசித்தாள். ‘மாணவியின் கவனக்குறைவு.’ அப்பா பக்கத்தில் கைகட்டி நின்றார். “போடுத்தா, சார் உன்ன பரீட்சை எழுத விடணும்ல” என்றார். அவளும் போட்டாள்.

போட்டதற்கு அப்புறம் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டாள், அதுதான் ஆறவே இல்லை. ஊர் சொன்னது, அம்மா சொன்னாள், பெண் பார்க்க வந்து திரும்பிப் போனவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்கள், பதிவேடு சொன்னது, கீழே அவள் கையெழுத்தே இருந்தது. படித்தாள், பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கினாள், ஒவ்வொரு கரைசலையும் மூன்று தடவை சரி பார்த்தாள், பார்த்துச் செய்தாள், பார்த்துப் பார்த்துச் செய்தாள். இதே கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அவளுக்குள் பழி எதுவும் இல்லை, சத்தியமாக இல்லை. நேர்முகத்தேர்வில் சங்கரபாண்டியன் நடுவில் உட்கார்ந்திருந்தார், சுருட்டை முடி கொட்டியிருந்தது. அவர் முகம் மாறும் என்று காத்திருந்தாள். சான்றிதழ்களைப் புரட்டினார், பெயரை வாசித்தார், நம்ம காலேஜ்லதான் படிச்சீங்களா, ரொம்பச் சந்தோஷம் என்றார், பிறகு கரிசனமாக, தாழ்ந்த குரலில் கேட்டார்: “கண்ணுல என்னம்மா, பிறவியிலேயா?” பிறவியிலேயா. மறந்துவிட்டார். நடிப்பில்லை, நடிக்கத் தெரிந்த முகமில்லை அது, நிஜமாகவே மறந்துவிட்டார். அவள் கண்ணை எடுத்துக்கொண்டு போனவனுக்கு எடுத்த ஞாபகமே இல்லை. “ஆமா சார்” என்றாள். வேலை கிடைத்தது. அன்றைக்குத்தான் ஆரம்பித்தது எல்லாம். பதுங்கினாள். ஒன்பது வருஷம் வணக்கம் சார், சரி சார், பொங்கல் வாழ்த்துக்கள் சார். அவர் மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம்கூடச் சாப்பிட்டாள். நல்ல பாயசம்தான்.

“மிஸ், என்னோடதுல நெடி வருது மிஸ்” என்று முதல் மேசைப் பையன் கத்தினான். கையால் விசிறு, குனியாதே என்றாள். பக்கத்துப் பெண்ணின் டெஸ்ட் டியூபில் கரைசல் பாதிக்கு மேல் இருந்தது. இவ்வளவு ஊற்றாதே, பொங்கும், வாயை உன் பக்கமும் வைக்காதே, அவள் பக்கமும் வைக்காதே, அடியிலேயே தீ படாமல் ஆட்டிக்கொண்டே சூடாக்கு. சரியாகத்தான் சொன்னாள். கைப்பை தோளில் இருந்தது. வகுப்பில் கைப்பையை மாட்டிக்கொண்டு அவள் நிற்பதே இல்லை, இன்றைக்கு மாட்டியிருந்தாள். ஏன் மாட்டியிருந்தாள் என்பதை அவள் மனசு அரை மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது, கிட்டே போய்த் தொடாமல் திரும்பிப் போனது. பைக்குள் சாவி இருக்கிறது. அலமாரிச் சாவி. திங்கட்கிழமை காலை சங்கரபாண்டியன் அவளைக் கூப்பிட்டு, மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “இந்தாங்க மேடம், கண்ணாடி அலமாரி சாவி. நான் மே மாசத்தோட போற ஆளு. பிள்ளேளுக்குக் கொடுக்கணும்னு நீங்கதான் சொல்லிக்கிட்டே இருப்பீங்க, இனிமே உங்க இஷ்டம், கொடுங்க. ஒண்ணு ரெண்டு ஒடஞ்சாலும் பரவால்ல.” சிரித்தார் வேறு. அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். நாலு வருஷம் கேட்டபோது கொடுக்காதவன், கடுதாசி தபாலில் போன பிறகு கொடுக்கிறான். இப்போது திறந்துவிட்டால் என்ன ஆகும்? அதிகாரி வருவார், முப்பத்திரண்டு முகத்திலும் கண்ணாடியைப் பார்ப்பார், சங்கரபாண்டியனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போவார், பொன்னாடையோடு ஒரு பாராட்டுக் கடிதமும் சேரும். அதற்கா இருபத்திரண்டு வருஷம்? வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும்தானே. அதிகாரி கேட்டால் சாவி எப்பவும் துறைத்தலைவர் கையில்தான் என்று சொல்வாள், நாலு வருஷத்தில் நாலு நாள் தவிர அது உண்மைதானே. அதிகாரி போன கையோடு திறந்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். அரை மணி நேரம். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? இரண்டு மணி நாற்பது. பையின் வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்தாள், சாவி தட்டுப்பட்டது.

படியில் காலடிச் சத்தம். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அட்டெண்டர் செல்லையா, கையில் டீ ஃபிளாஸ்க். மறுபடி சத்தம், இந்தத் தடவை ஷூ. இல்லை, பௌதிகத் துறை. அவர் எப்படி இருப்பார்? குட்டையா நெட்டையா? உள்ளே வந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்? பிள்ளைகளைப் பார்ப்பார், பிறகு சுவரில் ஒட்டியிருக்கிற பதினான்கு விதியைப் பார்ப்பார். சங்கரபாண்டியனைக் கூப்பிடுங்கள் என்பார். அவர் அறையிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இல்லை, இன்றைக்குப் பேன்ட்தான், பேன்ட் பையில் கையை விட்டு எடுத்துவிட்டு, எடுத்துவிட்டு வருவார். வியர்க்கும். அவருக்கு மேலுதட்டில்தான் முதலில் வியர்க்கும், அவள் கவனித்திருக்கிறாள். அலமாரியைத் திறங்கள் என்பார் அதிகாரி. அந்த நேரம் சாவி என்னிடம் இல்லை, மேடத்திடம் கொடுத்தேன் என்று அவர் சொன்னால்? எப்போது கொடுத்தீர்கள் என்று அவள் கேட்க வேண்டும். கண்ணை அகட்டி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி. ஞாபகம் இல்லையே சார். ஆமாம், ஞாபகம் இல்லையே சார் என்றுதான் சொல்ல வேண்டும், இதைவிடப் பொருத்தமான பதில் இருக்கிறதா, நீங்கள் மறக்கலாம், நான் மறக்கக் கூடாதா. இனித்தது. நிஜமாகவே நாக்கில் இனித்தது. வலது பக்கம் மங்கலுக்குள் வெள்ளைக் கோட்டுகள் அசைந்துகொண்டிருந்தன, நீலத் தீ புள்ளி புள்ளியாக இருந்தது, யாரோ மிஸ் என்றார்கள், இரு என்றாள், திரும்பவில்லை. மிஸ், நெடி வருதான்னு தெரியல மிஸ். இரும்மா வர்றேன். இரண்டு மணி ஐம்பத்திரண்டு. கீழே வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கிற சத்தம் மாதிரி இருந்தது. அவள் ஓர் அடி வராந்தாவுக்குள் எடுத்து வைத்தாள். டப் என்று பின்னால் ஒரு சத்தம், கடுகு வெடிக்கிற சத்தம்.

அந்தச் சத்தத்தை இந்த உலகத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்? திரும்புவதற்கு முன்பே என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது, எந்தக் கண் என்பதுதான் தெரியவில்லை. மாரீஸ்வரி. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள், கத்தவில்லை, வழுவழுவென்று இருக்கிற கட்டம் அது, எரிச்சல் இன்னும் வந்திருக்காது. “தண்ணி” என்று அமலோற்பவம் கத்தினாள், யாரிடம் கத்தினாள், அவளேதான் ஓடினாள். பெண்ணின் பின்னங்கழுத்தைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், தலையைச் சாய்த்து, குழாயை முழுதாகத் திறந்து, இடது கண்ணின் இமையை இரண்டு விரலால் பிளந்து பிடித்தாள். பெண் திமிறினாள். “மூடாத. மூடாதடீ. முழிச்சுப் பாரு. மேல பாரு, கீழ பாரு.” இமை விரலுக்கடியில் குருவிக் குஞ்சு மாதிரித் துடித்தது. “மிஸ், எரியுது மிஸ்.” எரியட்டும், எரிந்தால் பிழைத்தோம், மூடாதே. எல்லா பர்னரையும் அணைங்க என்று தலையைத் திருப்பாமல் சொன்னாள். சங்கரபாண்டியன் ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. “போரிக் ஆசிட், செல்லையா, போரிக் ஆசிட் எடுப்பா” என்றார் அவர், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் அதே பாடம். “பக்கத்துல வந்தீங்கன்னா கொன்னுருவேன்” என்றாள் அமலோற்பவம். சத்தமாகத்தான் சொன்னாள், முப்பத்தொரு பிள்ளைகளும் கேட்டார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இருபது நிமிடம் கழுவினாள். அவள் புடவை முழுக்க நனைந்தது, கைப்பை தோளிலிருந்து வழுக்கி முழங்கையில் வந்து தொங்கி, ஒவ்வொரு அசைவுக்கும் பெண்ணின் விலாவில் இடித்தது, உள்ளே சாவி கிணுங்கியது. இருபது நிமிடமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கழுவினாள். பெண் நடுவில் விக்கி விக்கிச் சொன்னாள்: “என் தப்புதான் மிஸ். நெடி வரலன்னு நாந்தான் குனிஞ்சேன். எங்கம்மாகிட்டச் சொல்லிராதீங்க மிஸ், படிச்சது போதும்னு நிப்பாட்டிருவாங்க.” அமலோற்பவம் பேசாதே என்றாள்.

ஆட்டோவில் செல்லையாவும் இரண்டு பெண்களும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் போகவில்லை, மீதிப் பிள்ளைகளை விட்டுப் போக முடியாது என்பது ஒரு காரணம்தான். எல்லாரையும் அனுப்பிவிட்டு நனைந்த புடவையோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்று மணி ஆகி வெகுநேரம் ஆகியிருந்தது. படியில் யாரும் வரவில்லை. தோழியிடமிருந்து செய்தி வந்து கிடந்தது, அதிகாரிக்கு வேறு கூட்டமாம், அடுத்த மாதம்தான் வருகிறாராம். வாசித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். நான்கு மணிக்குச் செல்லையா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். “கறுப்பு முழி தப்பிச்சிருச்சுன்னு சொல்லுதாரு டாக்டரு. நல்லாக் கழுவியிருக்காங்க, யாரு கழுவினதுன்னு கேட்டாரு மேடம். ஒரு வாரம் சொட்டு மருந்து விடணுமாம், அவ்வளவுதான்.” சரி என்றாள். தப்பித்துவிட்டது. கண் தப்பித்துவிட்டது, ஆனால் தப்பித்தது அவளால் என்று டாக்டர் நினைக்கிறார், நாளைக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லப் போகிறாள். கிட்டக்க போயி மோந்து பாரு என்று இவள் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை. அவராவது முட்டாள்தனத்தில் செய்தார், புத்தகத்தில் இருந்ததை நம்பினார். இவள் தெரிந்தே செய்தாள். அந்தக் கடுகுச் சத்தம் தெரிந்தவள், வழுவழுப்பு தெரிந்தவள், பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்தவள், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். அவர்மேல் இருந்த வெறுப்பு குறைந்ததா என்று தேடிப் பார்த்தாள். குறையவில்லை. ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் கேட்டு வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சங்கரபாண்டியன் விபத்துப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். நீளவாக்கில் தைத்த பழைய பதிவேடு, ஓரமெல்லாம் அமிலம் தின்றிருந்தது. “நல்லவேளை மேடம், சாமி காப்பாத்துச்சு. பதட்டத்துல நீங்க என்னமோ சொன்னீங்க, நான் மனசுல வச்சுக்கிடல” என்றார். மேலுதட்டில் வியர்த்திருந்தது. பதிவேட்டை மேசையில் விரித்து, பக்கத்தைத் தட்டிக் காட்டினார். “எழுதிருங்க. மாணவியின் கவனக்குறைவுன்னு ஒரு வரி போதும். அந்தப் பிள்ளையும் தன் தப்புதான்னு சொல்லிருச்சுல்ல, திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுரும். உங்களுக்கும் பிரச்சனை இல்ல, எனக்கும் இல்ல.” எவ்வளவு சுலபம். பேனாவைத் திறந்தாள். அந்த இரண்டு வார்த்தையும் விரல் நுனியில் தயாராக நின்றன, இருபத்திரண்டு வருஷம் மனப்பாடம் ஆனவை அல்லவா, யோசிக்கவே வேண்டாம், கையே எழுதிவிடும். சாவி விஷயம் அவருக்கும் தெரியும், அவர் அதைச் சொல்லப் போவதில்லை, அவள் நாலு வருஷத்தைச் சொல்லப் போவதில்லை, இரண்டு பேரும் ஒருத்தர் குடுமியை ஒருத்தர் பிடித்துக்கொண்டு மே மாதம் வரைக்கும் வணக்கம் சொல்லிக்கொள்ளலாம். அங்கே எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு அம்மா பாத்துச் செய்யக்கூடாதாடி என்று ஆரம்பித்துவிடுவாள். அமலோற்பவம் எழுதினாள். நிறுத்தாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். ‘முப்பத்தாறு பாதுகாப்புக் கண்ணாடிகள் துறையில் நான்கு ஆண்டுகளாக உள்ளன. துறைத்தலைவர் அவற்றைப் பூட்டியே வைத்திருந்தார். திங்கட்கிழமை முதல் அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. நான் திறக்கவில்லை. மாணவி என்னைக் கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாணவியின் தவறு எதுவும் இல்லை.’ கீழே கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். “என்னம்மா இது, நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிடலாமா? நானாவது போற ஆளு. உங்களுக்கு இன்னும் இருவது வருஷம் சர்வீஸ் கெடக்கு.” தெரியும் சார் என்றாள். “இந்தத் துறையில ஒருத்தரும் இப்படி எழுதினது கெடையாதும்மா.” அதுவும் தெரியும் என்றாள். “முன்னாடி எப்படி எழுதியிருக்காங்கன்னு பாத்துட்டு வேணா கையெழுத்துப் போடுங்க சார்.” அவர் புரட்டினார், ஏதோ ஒரு முன்மாதிரி கிடைக்கும், அதைக் காட்டி அவளை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பிப் புரட்டினார். எல்லாம் அவர் கையெழுத்துத்தான். மாணவரின் கவனக்குறைவு. மாணவியின் கவனக்குறைவு. மாணவரின் கவனக்குறைவு. ஏழாவதோ எட்டாவதோ பக்கத்தில் விரல் நின்றது. இந்த ஊரில் அந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கும்? உதடு அசைந்தது, தேதியைப் பார்த்தார், மறுபடி பெயரைப் பார்த்தார், பதினெட்டு வயதுக் கோணல் எழுத்தில் போட்ட கையெழுத்தையும், இன்றைய பக்கத்தில் மை காயாத கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, இந்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவளுடைய வலது கண்ணை உற்றுப் பார்த்தார். இந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இவ்வளவு காலம் காத்திருந்தாள். அவர் அவளுக்கு வலது பக்கத்தில் நின்றிருந்தார், அந்த முகம் அவளுக்கு ஒரு வெளுத்த மங்கலாகத்தான் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், நன்றாகத் தெரியும். அவள் திருப்பவில்லை. கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துப் பதிவேட்டின்மேல் வைத்தாள்.

“பிறவியிலே இல்ல சார்” என்றாள். “கையெழுத்துப் போடுங்க.”